நாங்கள் கொசு வளர்த்த மழைக்காலம்

எங்கள் தெருவில் ஆடு வளர்த்தார்கள், கோழி வளர்த்தார்கள், வசதி உள்ளவர்கள் நாய் வளர்த்தார்கள். நாங்கள் கொசு வளர்த்தோம். இதை எங்கே சொன்னாலும், வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாததைத்தான் நான் இப்படி நாசூக்காகச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. நிஜமாகவே வளர்த்தோம். வேளாவேளைக்குத் தீனி வைத்து, குளிர் படாமல் துணி போர்த்தி, எறும்பு ஏறாமல் கூண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி, பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தோம். அந்த வீட்டில் பெற்ற பிள்ளையாக நான் ஒருத்தி இருந்தேன். எனக்கு அந்தக் கவனிப்பில் பாதிகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. திண்டுக்கல்லில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஜன்னலைத் திறந்தால் மலைக்கோட்டை தெரியும் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்கு பஸ் ஸ்டாண்டு அருகே கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடை. நான் நாலாம் வகுப்பு. எங்களோடு அம்மாவின் தங்கையும் இருந்தாள். என் சித்தி. அவர்களுக்குச் சொந்த ஊர் சேவுகம்பட்டி. சித்தி தவழ்ந்துகொண்டிருந்த வயதிலேயே அவர்களைப் பெற்றவள் ஒரு விஷக்காய்ச்சலில் போய்விட்டாளாம். அம்மா அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள். பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள். மேலே படிக்க அனுப்பினால் கைப்பிள்ளையை யார் பார்ப்பது என்று நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு சித்தியை இடுப்பில் வைத்து வளர்த்தது அம்மாதான். கல்யாணமாகித் திண்டுக்கல்லுக்கு வந்தபோது சீர்வரிசை அண்டா குண்டாவோடு சித்தியும் வந்து இறங்கினாள் என்று அப்பா கேலி செய்வார்.

அந்தச் சித்திதான் இப்போது விலங்கியலில் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தாள். கொசுப்புழுவைச் செடிகொடிகளின் சாற்றைக் கொண்டு கொல்ல முடியுமா என்பது அவள் ஆராய்ச்சி.

"பறக்க ஆரம்பிச்சிட்டா கொசுவ யாரு பிடிக்கிறது? தண்ணிக்குள்ள புழுவா நெளியிறப்பவே முடிச்சு விட்ரணும். அதுவும் டப்பா விஷத்த ஊத்தாம, நம்ம ஊர்ல சும்மா கெடக்கறத வச்சு" என்பாள். யானைக்கால், மலேரியா என்று நோய்களின் பெயர்களை உறவுக்காரர்களின் பெயர்களைச் சொல்வதுபோல சரளமாகச் சொல்வாள். "நம்ம அம்மாவுக்கு வந்ததும் மலேரியாவாத்தான் இருக்கும்க்கா" என்று ஒருநாள் சொன்னாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

சித்தி தேர்ந்தெடுத்தது சீத்தாப்பழக் கொட்டை. தலையில் பேன் வந்தால் அந்தக் கொட்டையை அரைத்துத் தேய்ப்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். பேனைக் கொல்வது புழுவைக் கொல்லாதா என்பதுதான் அவளுக்கு வந்த முதல் யோசனை. ஐப்பசியில் சிறுமலையிலிருந்து கூடை கூடையாகப் பழம் இறங்கும். சித்தி வாங்கிக்கொண்டு வந்து குவிப்பாள். தின்பது என் வேலை. இப்படியொரு ஆராய்ச்சி வேலை உலகத்தில் வேறு யாருக்கும் வாய்த்திருக்காது. சதையை வழித்துத் தின்றுவிட்டு, கொட்டையைக் கடிக்காமல் கிண்ணத்தில் துப்ப வேண்டும். என்னால் முடியாதபோது தெருப் பிள்ளைகளைக் கூட்டி வந்தேன். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் சளி பிடித்து, அவர்களுடைய அம்மாக்கள் எங்கள் அம்மாவோடு சண்டைக்கு வந்தார்கள்.

கொட்டைகளைக் கழுவி நிழலில் உலர்த்தி, இடிக்கும் நாளில் மட்டும் சித்தி என்னை வெளியே துரத்திவிடுவாள். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, அப்பாவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கொள்ளைக்காரி வேஷத்தில் இடிப்பாள். "இந்தத் தூளு கண்ணுல பட்டுச்சுன்னா பார்வையே போயிரும், தெரியும்ல? பேனுக்குத் தேய்க்கிறேன்னு எத்தன பேரு கண்ணக் கெடுத்துக்கிட்டாளுக" என்று எச்சரிப்பாள். தூளைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் அங்கே சாறு எடுத்து, பழுப்புநிறச் சீசாக்களில் கொண்டுவருவாள். மூடியைத் திறந்தால் ஒரு காட்டமான எண்ணெய் வாடை அடிக்கும். அம்மா உடனே ஜன்னலைத் திறப்பாள்.

சாறு தயார். அதை ஊற்றிப் பார்க்கப் புழு வேண்டும். எல்லாம் ஒரே நாளில் பொரித்த, ஒரே வயதுப் புழுக்களாக இருக்க வேண்டுமாம். முதலில் கல்லூரியில்தான் வளர்த்தாள். அங்கே பெருக்க வரும் ஆயா, யாரோ அழுக்குத் தண்ணீரைப் பாத்திரத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்து, பொறுப்பாக எல்லாவற்றையும் சாக்கடையில் கொட்டி, பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தும் வைத்துவிட்டார். சித்தி அவரைத் திட்டவும் முடியாமல், பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் அப்பா நாலு சட்டங்களை அடித்து ஒரு பெட்டி செய்தார். எங்கள் கொசுவலையைக் கிழித்து அதைச் சுற்றி ஆணியடித்தார். கை நுழைக்க ஒரு பக்கம் மட்டும் சட்டைக் கை மாதிரி துணி தைத்துக் கொடுத்தாள் அம்மா. அன்றிலிருந்து கொசுக்கள் வலைக்குள் தூங்கின, நாங்கள் வெளியே தூங்கினோம்.

அநியாயம் அதோடு முடியவில்லை. வீட்டில் கொசுவர்த்தி ஏற்றக் கூடாது, நொச்சி இலைப் புகை போடக் கூடாது, வெள்ளிக்கிழமை சாம்பிராணிகூடக் கூடாது என்று சித்தி உத்தரவு போட்டுவிட்டாள். புகை பட்டால் கூண்டுக் கொசு செத்துப்போகுமாம். சாக்கடைக் கொசுக்களுக்கு இந்த விஷயம் எப்படித்தான் தெரிந்ததோ, படை படையாக வந்து எங்களைக் கடித்தன.

"மனுசனுக்குக் குடிக்கத் தண்ணி வர்றதே எப்பவோ ஒரு நாளு. இதுல கொசுவுக்குப் பேசின் பேசினா நெரப்பி வச்சிருக்கா" என்று அம்மா காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை ஓயமாட்டாள். ஆனால் புழுக்களுக்குப் போடும் பிஸ்கட்டைத் தூளாக்கி, சலித்து, டப்பாவில் போட்டு வைப்பது அவள்தான். எனக்கு ஒரு பிஸ்கட் கேட்டால், "கணக்கு இடிக்கும், போ" என்பாள்.

கொசு முட்டையிட ரத்தம் வேண்டும் என்பதுதான் பெரிய சிக்கல். என்னிடம் ஒரு கோழிக்குஞ்சு இருந்தது, ரோஸ் நிறச் சாயம் அடித்துத் தள்ளுவண்டியில் விற்பார்களே, அந்தக் குஞ்சு. அதை ஒரு ராத்திரி கூண்டுக்குள் விட்டால் போதும், கல்லூரியிலெல்லாம் அப்படித்தான் செய்வார்கள் என்றாள் சித்தி. நான் குஞ்சைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டு போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. சித்தி கொஞ்ச நேரம் என்னையும் குஞ்சையும் பார்த்தாள். பிறகு வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தத் துணிக் கை வழியாகத் தன் கையையே உள்ளே விட்டாள்.

"பயப்படாத. இதுக இந்தக் கூண்டுக்குள்ளயே பொறந்ததுக. வேற ஆரையும் கடிச்சதில்ல. இதுககிட்ட நோய் கெடையாது. அரிக்கும், அம்புட்டுத்தான்" என்றாள் என்னிடம். பகலில் கையை விடும்போது கூண்டின்மேல் ஒரு கறுப்புக் குடைத்துணியைப் போர்த்திக்கொள்வாள். கொசுக்கள் ராத்திரி வந்துவிட்டதாக ஏமாந்து கடிக்கும். மூன்று நாலு நாளில் கிண்ணத்துத் தண்ணீரில் முட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்பாகச் சின்னச் சின்னத் தோணிகளாக மிதக்கும். சித்தியின் கையில் எப்போதும் தடிப்புத் தடிப்பாக இருந்தது. அம்மா பார்க்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

சோதனை நாளில் கூடத்தில் யாரும் நடமாடக் கூடாது. கண்ணாடித் தம்ளர்கள் வரிசையாக இருக்கும். ப்ளீச்சிங் பவுடர் கலக்காத கிணற்றுத் தண்ணீர், எண்ணி விட்ட புழுக்கள், பிறகு சாறு. முதல் தம்ளரில் கொஞ்சம், அடுத்ததில் அதைவிடக் கொஞ்சம் கூட. அப்பா கடையிலிருந்து கண்ணில் மாட்டும் லென்ஸைக் கொண்டுவந்து கொடுப்பார். அதை மாட்டிக்கொண்டு பார்த்தால் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வால் வழியாக மூச்சு விடுவது தெரியும். சாறு ஊற்றிய தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் துள்ளல் குறையும். மறுநாள் ஊசியால் தொட்டுப் பார்த்து, அசையாததைச் செத்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும். கடைசித் தம்ளரில் மட்டும் சித்தி எதையும் ஊற்றமாட்டாள்.

"ஒண்ணுமே ஊத்தாததுக்கு எதுக்கு ஒரு தம்ளரு? எனக்கு இங்க காபி குடிக்கத் தம்ளரு இல்ல" என்றார் அப்பா.

சித்தி வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "ஊத்துனதுல செத்துச்சுன்னா அது சாறாலதான் செத்துச்சுன்னு எப்பிடித் தெரியும்? அந்தத் தண்ணியே சேராமச் செத்திருந்தா? ஊத்தாத தம்ளர்ல உசுரோட இருந்தாத்தான நம்ப முடியும்!"

சித்தி அப்படியே திரும்பி உட்கார்ந்தாள். "க்கா, இது மண்டையில ஏற எனக்கு ஒரு வாரம் ஆச்சுக்கா."

"ஆமா, பெரிய கம்பசூத்திரம்" என்று சொல்லிவிட்டு அம்மா புளி கரைக்கப் போய்விட்டாள்.

ஒரே சோதனை மூன்று தடவை ஒரே மாதிரி வந்தால்தான் கல்லூரியில் ஒத்துக்கொள்வார்களாம். இரண்டு தடவை வந்துவிட்டது. மூன்றாவது தடவைக்குப் புது முட்டை தேவைப்பட்டபோதுதான் பெரிய மாமா வந்து இறங்கினார்.

பெரிய மாமா என்றால் அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். அப்பன் ஆத்தாள் இல்லாத குடும்பத்தில் அவர் சொல்தான் சட்டம். நெய்க்காரப்பட்டியில் பெண் எடுத்து, அங்கேயே தங்கி, பேச்சில் கொங்கு 'ங்க' ஒட்டிக்கொண்டவர். கோபம் வந்தால் மட்டும் உள்ளேயிருந்து சேவுகம்பட்டி எட்டிப் பார்க்கும். சித்திக்கு ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். பழனிப் பக்கம் தென்னந்தோப்பு, ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கடை, ஒரே பையன். வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். பிடித்திருந்தால் மார்கழி பிறப்பதற்குள் நிச்சயம், தையில் கல்யாணம்.

மாமா அந்தப் பக்கம் போனதும் அம்மா சித்தியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கையோட நாலு பேரு முன்னாடி காபித்தட்டு தூக்கிட்டுப் போவியா? வெள்ளிக்கிழம வரைக்கும் கூண்டுப் பக்கம் போன, கால ஒடிச்சுப் போட்ருவேன்."

"ரத்தம் குடுக்காட்டி முட்ட வராதுக்கா. இருக்கிற கொசுவும் செத்துப்போகும். மறுபடி மொதல்ல இருந்து எங்க ஆரம்பிக்க? தை மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கலைன்னா இந்த வருசமே போச்சு."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லிட்டாரு."

சித்தி சண்டை போடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு போய், "எங் கையக் குடுக்கவா சித்தி?" என்று கேட்டேன். அவள் அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா அடுப்படியில் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மழையில் எங்கள் வகுப்பறை ஒழுகி, மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சித்தி கல்லூரிக்குப் போயிருந்தாள். பின்கட்டு அறையில் யாரோ பேசும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கூண்டின்மேல் கறுப்புத் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் அம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடது கை முழங்கைவரை கூண்டுக்குள் இருந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கொசுக்களோடு பேசிக்கொண்டிருந்தாள்.

"குடிங்கடி, குடிங்க. பொட்டக் கொசுதான் கடிக்குமாம்ல. வயித்துல புள்ளய வச்சிருக்கவளுக்குப் பசிக்கத்தான செய்யும். குடிச்சுட்டு ஒழுங்கா முட்டைய விட்டுப்புடுங்க. அவ அழுகுறதப் பாக்க முடியல."

எனக்கு ஒரே ஆச்சரியம். "அம்மா!" என்றேன். திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆனால் கையை எடுக்கவில்லை. எடுத்தால் கொசு வெளியே வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"சித்திகிட்ட மூச்சு விட்ட, தோல உரிச்சிருவேன்" என்றாள்.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கை கொடுத்தாள். ஒருநாள் இடது கை, ஒருநாள் வலது கை. சித்திக்குக் கடித்தால் சின்னத் தடிப்புதான் வரும். அம்மாவுக்குப் பழக்கமில்லாத உடம்பு, ஒவ்வொரு கடியும் காசு அகலத்துக்கு வீங்கிச் சிவந்தது. வீட்டுக்குள்ளேயே முந்தானையைப் போர்த்திக்கொண்டு நடமாடினாள். குளிருது என்று வேறு சொல்லிக்கொண்டாள். ஒரு சாயங்காலம் சித்தி கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். வயிறு சிவந்து கனத்த கொசுக்கள் வலையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதாவது கேட்பாள், நான் என்ன பொய் சொல்வது என்று தயாராக இருந்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாப்பிட்டு முடித்ததும் அம்மாவைத் தொடவிடாமல் எல்லாப் பாத்திரங்களையும் அவளே கழுவினாள். இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வேனில் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா அப்பா, இன்னும் இரண்டு பெண்கள். பெரிய மாமா முன்னால் ஓடி ஓடி உபசரித்தார். கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் போட்டிருந்தோம். கூண்டைப் பின்கட்டு அறையில் வைத்து, பழைய சேலையால் மூடியிருந்தோம். சித்தி பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு காபி கொண்டுவந்தாள். அவள் கையில் ஒரு தழும்பு இல்லை. மாப்பிள்ளையின் அம்மா அந்தக் கையைப் பிடித்து, "தங்கமாட்டம் இருக்குதுங்க பொண்ணு" என்றார். எனக்கே பெருமையாக இருந்தது. மாப்பிள்ளை தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு என்ன படிக்குதுங்க?"

"ஏதோ பூச்சிப் படிப்புங்க" என்றார் மாமா, வெட்கப்பட்டவரைப் போல.

"அதெல்லாம் இன்னியோட நிறுத்திப்போடலாமுங்க. தையில கல்யாணத்த வெச்சுக்கலாம். படிச்சு அங்க வந்து என்னங்க பண்ணப்போகுது? தேங்காய எண்ணத் தெரிஞ்சாப் போதுமுங்க." மாப்பிள்ளையின் அம்மா கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டு, ஆசையாகத்தான் சொன்னார்.

சித்தி காபித்தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாதான், முந்தானைக்குள் கைகளைக் கட்டிக்கொண்டு, "இன்னும் ஒரு ரெண்டு மாச வேலைதாங்க. முடிச்சிட்டு வந்துருவா" என்று மெதுவாகச் சொன்னாள்.

"எதுக்குங்க?" என்றார் அந்த அம்மா, நிஜமாகவே புரியாமல்.

"நிறுத்திரலாமுங்க. நாஞ்சொன்னா எந்தங்கச்சிக கேப்பாளுக" என்றார் மாமா.

அம்மா எழுந்து அடுப்படிக்குள் போனாள். திரும்பி வந்தபோது கையில் பஜ்ஜித் தட்டு இருந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் சொருகியிருந்தாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை இரண்டு கைகளிலும் தடிப்பும் சிவப்புமாக, சொறிந்து சொறிந்து புண்ணாகி, பார்க்கவே பயமாக இருந்தது. அம்மாவுக்கு எவ்வளவு மறதி என்று எனக்குப் பதறியது. கண்ணைக் காட்டினேன், இருமினேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. நேராக மாப்பிள்ளையின் அம்மாவிடம் போய், அவர் மூக்குக்கு நேராக இரண்டு கையையும் நீட்டி, "எடுத்துக்கங்க" என்றாள்.

"ஏனுங்க, கையில என்னங்க அது?"

"இதுங்களா? எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு வர்றதுதான். கன்னி கழியாதவரைக்கும் ஒண்ணும் தெரியாது. கல்யாணம் ஆகவும்தான் ஆரம்பிக்கும்" என்றாள் அம்மா, சாவகாசமாக.

அம்மா பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அதுவும் சித்தியின் கல்யாணமே கெட்டுப்போகிற மாதிரி ஒரு பொய்! எனக்கு ரத்தம் கொதித்தது. நம் சித்தியை நாம்தான் காப்பாற்ற வேண்டும் என்று எழுந்து நின்றேன்.

"பொய்யி! அது கொசு கடிச்சது. நாங்க வளக்குற கொசு. ரத்தம் இல்லாட்டி முட்ட விடாதுன்னு அம்மாதான் தெனமும் கையக் குடுக்குது. வாங்க, காட்டுறேன்!"

யாரும் தடுப்பதற்குள் ஓடிப்போய்ச் சேலையை உருவிவிட்டேன். கூடத்திலிருந்தே கூண்டு நன்றாகத் தெரிந்தது. நம் குடும்பத்தில் தோல் வியாதி எதுவும் இல்லை என்று இப்போது அவர்களுக்கு விளங்கியிருக்கும் என்று நான் நிம்மதியாகத் திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். மாப்பிள்ளை அப்போதுதான் முதல் தடவையாக நகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார். கொஞ்ச நேரத்தில், "ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்பறமுங்க" என்று எழுந்துவிட்டார்கள்.

வேன் போனதும் மாமாவின் 'ங்க' பறந்துபோய்விட்டது. "என்னடி ஆக்கி வச்சிருக்கீங்க வீட்ட? கொசு வளக்குறாளுகளாம்ல, கொசு! வெளிய சொன்னாச் சிரிக்க மாட்டான்? எம் மானம் போச்சு!"

"செத்த நேரம் உக்காருங்கண்ணே" என்றாள் அம்மா. அவள் குரல் நடுங்கியது. மாமாவை எதிர்த்து அவள் பேசி நான் பார்த்ததில்லை. "அவ இத முடிச்சுக்கிறட்டும். பாதியில நிறுத்துறது எப்பிடி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதுண்ணே. எனக்குத் தெரியும். முடிச்சிட்டான்னா நீங்க காட்டுற எடத்துல நானே முன்ன நின்னு நடத்தி வைக்கிறேன். அதுவரைக்கும் ஒருத்தரையும் கூட்டிட்டு வராதீங்க."

மாமா அம்மாவின் கையைப் பார்த்தார். செருப்பை மாட்டும்போது, "கையில எதையாச்சும் வாங்கித் தடவு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்பா பஸ் ஏற்றிவிடக் கூடவே போனார்.

எனக்கு அடி நிச்சயம் என்று தெரியும். மூச்சு விடக் கூடாது என்ற உத்தரவை ஊர்கூடிய சபையில் மீறியிருக்கிறேன். அடுப்படி மூலையில் போய்த் தயாராக நின்றுகொண்டேன். அம்மா வந்தாள். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த கேசரியைச் சட்டியோடு என் முன்னால் வைத்து, "தின்னு" என்றாள். முந்திரிப் பருப்பெல்லாம் அதில்தான் இருந்தது. பெரியவர்களுடைய நியாயம் எனக்கு எப்போதும் பிடிபட்டதில்லை.

சித்தி தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து அம்மாவின் எதிரில் உட்கார்ந்து அவள் கையை மடியில் வைத்துத் தடவிவிட்டாள். தடவும்போதே பொலபொலவென்று அழுதாள். நல்ல மாப்பிள்ளை கைநழுவிப் போய்விட்டாரே, அழமாட்டாளா பாவம்! "அழுகாத சித்தி, வேற மாப்பிள்ள வருவாரு" என்று கேசரி வாயோடு ஆறுதல் சொன்னேன். அம்மாவும் சித்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

முட்டைகள் வந்தன. பொரித்தன. புழுக்கள் பிஸ்கட் தின்று வளர்ந்தன. அம்மா ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பேசின்களை எட்டிப் பார்த்துவிட்டு, போன தடவையைவிட இந்தப் புழுக்கள் தெம்பாக இருப்பதாகச் சொன்னாள். "எந்த ரத்தம்னு நெனச்சீங்க?" என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டாள். மூன்றாவது தடவையாகத் தம்ளர்கள் வரிசையில் நின்றன. சித்தி சாற்றை ஊற்றினாள். அம்மா அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை. சித்தியாவது பரவாயில்லை.

மறுநாள் விடிந்ததும் அம்மாவின் கூச்சலில்தான் நான் கண் விழித்தேன்.

"செத்துருச்சுடி! எல்லாம் செத்துருச்சு! ஓடியாடி!"

பக்கத்து வீட்டு அக்கா, "ஐயையோ, ஆரு? ஆருக்கு என்ன ஆச்சு?" என்று தலையை அள்ளி முடிந்துகொண்டே ஓடிவந்துவிட்டார். சித்தி ஊசியை எடுத்து ஒவ்வொரு தம்ளராகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சாறு நிறைய ஊற்றியதில் ஒன்றுகூட அசையவில்லை. எல்லாம் அடியில் கிடந்தன. அம்மா கடைசித் தம்ளரைக் கையில் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். வெறும் தண்ணீரில் எல்லாப் புழுக்களும் குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தன. "இதுல உசுரோட இருக்குடி. எண்ணிட்டேன். ரெண்டு தடவ எண்ணிட்டேன். ஒண்ணு குறையல."

"மூணும் ஒரே மாதிரி வந்துருச்சுக்கா" என்றாள் சித்தி. அம்மா தம்ளரைக் கீழே வைத்தாள். தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சித்திக்குக் கல்யாணம் நின்றபோதுகூட அழாதவள், மாமாவைப் பார்த்து நடுங்கியபோதுகூட அழாதவள், இப்போது தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். சித்தி அவளைக் கட்டிக்கொண்டு, "முடிச்சிட்டோம்க்கா, முடிச்சிட்டோம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்பா காபி போட அடுப்படிக்குப் போனார்.

எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தன் ரத்தத்தைக் கொடுத்து, பிஸ்கட்டைச் சலித்துப் போட்டு வளர்த்த புழுக்கள். ஒரே ராத்திரியில் எல்லாம் செத்துக் கிடந்தால் யாருக்குத்தான் மனசு தாங்கும்? பக்கத்தில் போய் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன்.

"அழுகாதம்மா. கூண்டுக்குள்ள கொசு இன்னும் நெறைய இருக்கு. நீ மறுபடி கையக் குடு, வேற புழு பொறக்கும்."